பொக்கை விழுந்த கத்தி

தங்கை மகன் சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையற்கட்டில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தபோது, துணிமணிகளுக்கு நடுவே ஒரு கத்தியைச் சுற்றி எடுத்து வந்திருந்தான். டெபா என்று அதற்குப் பெயர். மீனின் தலையை எடுக்கவும், சதையை நடுமுள்ளிலிருந்து உரிக்கவும் ஜப்பானியர் வைத்துக்கொள்கிற கனத்த கத்தி. அலகின் நீளம் 18 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர். தீபாவளியன்று ஆட்டுத் தொடை எலும்பை அதில் வெட்டியிருக்கிறான். வாயின் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பொக்கை விழுந்துவிட்டது. டவுனில் ஒரு சாணைக் கடைக்கு எடுத்துப் போனான். அங்கே மோட்டார் சக்கரத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் பொக்கை தெரியாமல் ஆக்கிக் கொடுத்தார்கள். கை ரோமத்தை வழிக்கிற அளவுக்குக் கூர் வந்திருந்தது. மூன்றாம் நாள் வெங்காயம் அரியும்போது வாய் மடங்கிக் கிடந்தது.

“மாமா, இதை ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க” என்று சித்தன்னவாசலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து வைத்தான். என் அப்பா தச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருடைய உளிகளைத் தீட்டித் தருவதுதான் எனக்கு வேலை. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவன் கொண்டுவந்தான். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, இது கத்தியின் உருவத்தில் இருக்கிற உளி என்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டதுதான் நடந்த தவறு.

நம் வீட்டுக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. இரண்டு சரிவும் சந்திக்கிற இடம் வாய். தச்சரின் உளியும் இழைப்புளியின் அலகும் அப்படி அல்ல. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. டெபா, பச்சை மீனை மெல்லிய வில்லைகளாக அரிகிற யனகிபா, காய்கறிக்கான உசுபா மூன்றும் இந்த உளி வகையைச் சேர்ந்தவை. வலக்கைக்காரருக்குச் செய்தவற்றில் சரிவு வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தட்டை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டைப் பக்கம் முழுத்தட்டையாக இருப்பதில்லை. ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் மிக ஆழமில்லாத குழிவு வைத்திருப்பார்கள். ஜப்பானியர் அதை உராசுகி என்கிறார்கள். குழிவு இருப்பதால் அரிந்த மீன் அலகில் ஒட்டுவது குறைகிறது. தீட்டுகிறவருக்கு அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: கல்லில் தட்டைப் பக்கத்தைப் படுக்க வைத்தால் ஓரத்து மெல்லிய விளிம்பு மட்டும் கல்லைத் தொடும். சிறிது தேய்த்தாலே வாய் நேராகிவிடும்.

உலோகமும் ஒரே உலோகம் அல்ல. இவற்றில் பெரும்பாலானவை மென்மையான இரும்பின் மேல் கடினமான எஃகுத் தகட்டை உலையில் வைத்து அடித்து ஒட்டியவை. எஃகு இருப்பது தட்டைப் பக்கத்தில். அந்த எஃகு பலவற்றுக்கு ஷிமானே மாகாணத்து யசுகி ஊரிலிருந்து வருகிறது. சுற்றிவரும் தாளின் நிறத்தை வைத்து வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று பெயர். கார்பன் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். தோய்ச்சல் கொடுத்த பிறகு ராக்வெல் அளவில் 60ஐத் தாண்டும் கடினம். நம் பக்கத்து அரிவாள்கள் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பவை. கடினத்தில் இதற்குக் கீழே, தாங்கும் தன்மையில் இதற்கு மேலே. அரிவாள் எலும்பில் பட்டால் வாய் மடங்கும். யசுகி எஃகு மடங்காது, உடைந்து விழும். மருமகனுடைய கத்திக்கு நடந்தது அதுதான்.

இனி கேள்வி. பொக்கை விழுந்த ஒருபக்கச் சரிவுக் கத்தியைச் செப்பனிடும் சரியான வழி எது? ‘வாய் கூராகிவிட்டதா’ என்பதை மட்டும் வைத்து இதைத் தீர்மானித்தால் சாணைக் கடைதான் ஜெயிக்கும். வேறு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்தி முன்பு வெட்டிய மாதிரியே வெட்டுகிறதா? எஃகின் கடினம் கெடாமல் இருக்கிறதா? இந்தச் செப்பத்துக்குப் பிறகு இன்னும் எத்தனை முறை செப்பனிட இடம் மிச்சம் இருக்கிறது? மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு செப்பமும் கத்தியிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது; எடுத்தது திரும்ப வராது.

முதலில் சக்கரம். அதன் மேல் பொத்தாம்பொதுவாகப் பழி போடுவது நியாயமில்லை. கைத்தொழில் என்றாலே கல்லும் கையும்தான் என்று ஒரு பக்தி நம்மிடம் இருக்கிறது. இந்த வகைக் கத்திக்குப் பேர்பெற்ற ஊர் ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள சகாய். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிலை அரிகிற கத்தி செய்யத் தொடங்கி, பிறகு தொகுகவா ஆட்சியின் முத்திரையோடு நாடெங்கும் விற்ற ஊர். அங்கே அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு, பிடி போடுபவர் வேறு. பெரும்பாலும் வேறு வேறு பட்டறைகள். அந்தத் தீட்டுபவர்களே சக்கரம் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் அது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் பெரிய சக்கரம். கத்தியை ஒரு மரத் தாங்கியில் பொருத்தி, சரிவு முழுவதும் சக்கரத்தில் படும்படி அழுத்துவார்கள். தட்டைப் பக்கத்துக்கு வேலை வேறு, கணக்கு வேறு.

நம் சாணைக் கடையில் சக்கரம் சிறியது, வேகமானது, உலர்ந்தது. தீப்பொறி பறப்பதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். பொறியாகப் போவது எஃகு, கூடவே வாய்க்கு ஏறுவது சூடு. இந்த எஃகைப் பதப்படுத்துகிற சூடு ஏறத்தாழ 200 டிகிரிக்குள் நின்றுவிடும். அதைத் தாண்டினால் இரும்பின் மேல் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு கத்தரிப்பூ நிறம், 300ஐ ஒட்டி நீலம். நீலம் கண்ட இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன கடினத்தைத் தேய்த்துக் கொண்டுவர முடியாது. மருமகனுடைய கத்தியில் பொக்கை இருந்த இடத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு மங்கலாக நீலம் படிந்திருந்தது. வெங்காயத்தில் வாய் மடங்கியது அந்த இடத்தில்தான்.

சூட்டை விடவும் பெரிய கேடு தட்டைப் பக்கத்தில் நடந்திருந்தது. சாணை பிடிக்கிறவர் தன் தொழிலின் நியாயப்படி இரண்டு பக்கமும் பிடித்தார். நம் ஊரில் வருகிற நூறு கத்தியில் நூறும் இரண்டு பக்கம் சரிவுள்ளவை; அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவு என்ன? தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு புதுச் சரிவு. உளியின் தட்டைப் பக்கத்தில் சரிவு வைத்தால் அது மரத்தில் படுக்காது, துள்ளும். டெபாவும் அப்படித்தான். நடுமுள்ளின் மேல் தட்டைப் பக்கத்தைப் படுக்க வைத்து இழுக்க வேண்டிய கத்தி, இப்போது முள்ளை விட்டு எழும்பிச் சதைக்குள் போகிறது. எந்த வேலைக்காக அதைச் செய்தார்களோ அந்த வேலைக்கு அது உதவாது. ஆகவே உலர்ந்த சக்கரம், இரு பக்கம் பிடித்தல் இரண்டும் சேர்ந்த முறை முதல் அளவுகோலிலும் இரண்டாவதிலும் தோற்கிறது. தண்ணீர்ச் சக்கரம் என்றால் அது வேறு வழக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது கொல்லுப்பட்டறை. ஊரில் ஒரு பெரியவர் சொன்னார், “காய்ச்சித் தட்டிடுப்பா, புதுசு மாதிரி ஆயிடும்.” மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் இது சரியான வைத்தியம். வாய் தேய்ந்தால் உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அடித்து மெலிதாக்கி, மறுபடியும் தோய்ச்சல் கொடுப்பார்கள். இதில் உலோகம் வீணாவதில்லை; இருப்பதையே இழுத்து நீட்டுகிறார்கள். எங்கள் ஊர் மலையில் அறிவர் கோயிலைப் பாறையில் குடைந்தவர்களும் இப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கடினப் பாறையில் உளி முனை எவ்வளவு நேரம் தாங்கும்? இன்றைக்கும் கல்லுடைக்கிற இடங்களில் உளி காய்ச்சுகிற உலை பக்கத்திலேயே எரிகிறது. உளியின் வேலையில் பாதி உலையின் வேலை.

ஆனால் கல்லுளி ஒரே உலோகம். டெபாவில் இரண்டு உலோகம் ஒட்டியிருக்கிறது. சிவக்கக் காய்ச்சினால் பழைய தோய்ச்சல் முழுவதும் போகும். திரும்பத் தோய்ச்சல் கொடுக்கும்போது எஃகும் இரும்பும் ஒரே மாதிரிச் சுருங்காது. அலகு வளையும், திருகும். வளைந்ததை நேராக்கி, குழிவை மறுபடி செதுக்கி, சரிவை மறுபடி பிடித்து முடித்தால் அது செப்பமில்லை, புதுக் கத்தி செய்வது. அந்த எஃகின் பக்குவம் தெரியாத கையில் அதுவும் நடக்காது. இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

மிஞ்சுவது கல். இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கிறது. ஏனென்றால் கல்லில் தீட்டுவது என்பதற்குள்ளேயே ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறைகள் உண்டு, இரண்டுக்கும் நல்ல கைகாரர்கள் சாட்சி சொல்வார்கள். ஒன்று, வாயை மட்டும் தேய்ப்பது. கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பொக்கை மறையும்வரை வாயோரம் மட்டும் இழைப்பது. இன்னொன்று, சரிவுப் பரப்பு முழுவதையும் கல்லில் படுக்க வைத்து, முகம் முழுவதும் தேய்ந்து தேய்ந்து வாய் பின்னுக்குப் போகும்வரை இழைப்பது. முதலாவது அரை மணி நேரத்தில் முடியும். இரண்டாவதற்கு நாட்கணக்கு ஆகும். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கத்தியின் சரிவு அகலம் 20 மில்லிமீட்டர். நீளம் 180. சரிவுக் கோணம் 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். பொக்கை 2 மில்லிமீட்டர் ஆழம். அதாவது வாய் முழுவதும் 2 மில்லிமீட்டர் பின்னுக்குப் போக வேண்டும். கோணம் மாறாமல் அப்படிப் போக, சரிவு முகம் முழுவதையும் அரை மில்லிமீட்டர் தடிப்புக்குச் சீவ வேண்டும். அந்தப் பரப்பைப் பெருக்கினால் 1,860 கன மில்லிமீட்டர். எடையில் 14 கிராமுக்குக் கொஞ்சம் மேல். வாயை மட்டும் தேய்த்தால் எடுக்க வேண்டியது முக்கால் கிராம்தான். ஏறக்குறைய இருபது மடங்கு. பொக்கை சிறியதாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடும்: ஒரு மில்லிமீட்டர் பொக்கைக்கு நாற்பது மடங்கு. சோம்பலால்தான் வாயை மட்டும் தேய்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் கை தயங்கும்.

அப்படியானால் முக்கால் கிராமோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் அல்லவா? எஃகு மிச்சம், நேரம் மிச்சம். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. மூன்றாவது அளவுகோலின்படி பார்த்தால் இந்த முறைதான் கத்தியின் ஆயுளைக் காப்பாற்றுவது போலத் தோன்றுகிறது. ஆனால் முக்கால் கிராம் எடுத்த பிறகு வாய் எப்படி இருக்கும் என்று பாருங்கள். முன்பு ஒரு கோடாக இருந்த இடத்தில் இப்போது அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை. அதைக் கூராக்க வேண்டுமானால் செங்குத்தான ஒரு குட்டிச் சரிவு வைத்தாக வேண்டும். கூர் வந்துவிடும், ஆனால் கூருக்குப் பின்னால் இருக்கும் தடிப்பு குறையாது. கேரட்டை வெட்டினால் வெட்டு விழுமுன் கேரட் பிளக்கும். மீன் சதையில் இறங்கினால் ஆப்பு அடித்தது போல் சதையைத் தள்ளும். அடுத்த முறை பொக்கை விழுந்தால் இன்னும் தடிப்பான இடத்தில் வாய் வைக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த கத்தியைச் சீர் செய்ய நினைக்கிறவர், தவிர்த்த கிராம் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து ஒரே நேரத்தில் எடுத்தாக வேண்டும். ஆக, அந்த எஃகை அவர் மிச்சம் பிடிக்கவில்லை. தள்ளிப்போட்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய் என்பது ஒரு பொருள் அல்ல. இரண்டு முகங்கள் சந்திக்கிற இடத்துக்கு நாம் வைத்த பெயர். வாயைச் செப்பனிடுகிறேன் என்று வாயைப் பிடிப்பவர், இல்லாத ஒன்றைப் பிடிக்கிறார். இரண்டு பக்கச் சரிவுள்ள கத்தியில் இந்தத் தவறு மன்னிக்கப்படும். இந்தப் பக்கம் கொஞ்சம் கூடினால் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைத்துச் சமப்படுத்தலாம். ஒருபக்கச் சரிவில் அப்படிச் சமப்படுத்த இடமில்லை. தட்டைப் பக்கம்தான் அந்தக் கத்தியின் தராசுக் காம்பு. அது நேராக இருந்தால் மற்றதெல்லாம் நேராகும்.

ஆகவே என் கை முழு முகம் தேய்க்கிற பக்கம் சாய்கிறது. ஆனால் அதன் மேலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது கனமானது. நாட்கணக்கில் கையால் தேய்க்கும்போது பரப்பு தட்டையாக இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? மென்மையான இரும்பு சீக்கிரம் தேயும், கடினமான எஃகு மெதுவாகத் தேயும். விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கே அதிகம் போகும். கல்லும் தேய்ந்து நடுவில் பள்ளமாகும். பள்ளமான கல்லில் தேய்த்த சரிவு புடைத்துக்கொள்ளும். அரைகுறைக் கைகாரர் பத்து மணி நேரம் தேய்த்தால் சக்கரம் ஐந்து நிமிடத்தில் செய்ததைவிட மோசமாகக்கூடச் செய்துவிடலாம். இதற்கு உதாரணம் நானே. சின்ன வயதில் அப்பாவின் அகலமான உளி ஒன்றை நான் தேய்த்துத் தேய்த்து மூலை உருட்டி வைத்தேன். அதை அவர் கடைசிவரை பொளி வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்.

இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் கல்லில் இருக்கிறது. ஜப்பானியத் தண்ணீர்க் கற்கள் 220, 1000, 6000 என்று சொரசொரப்பின் வரிசையில் வருகின்றன. கத்தி முதலில் முரட்டுக் கல்லில் உருவம் பெற்று, கடைசியில் நுண்கல்லில் கூர் பெறுகிறது. நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற, ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நைஸுமாக இருக்கிற கார்பரண்டம் கல் முரட்டு வேலைக்குப் போதும். சென்னையில் 1954இல் கார்பரண்டம் யுனிவர்சல் தொடங்கிய பிறகு தச்சர்களுக்குப் பழகிப்போன பொருள் அது. எந்தக் கல்லானாலும் தட்டையாக இருக்க வேண்டும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தேய்த்தால் தட்டையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒன்று பள்ளமாகவும் மற்றது அதற்குப் பொருந்துகிற மேடாகவும் ஆகிவிடலாம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதால் தட்டை என்று நம்மை ஏமாற்றும். மூன்று கல் வேண்டும். முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். மூன்றும் எல்லா ஜோடியிலும் பொருந்தினால் அவை தட்டையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நான் அறிந்த தொழில் நுட்பங்களில் இவ்வளவு அழகானது வேறில்லை.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் வழி என்று எண்ணுவதில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவது. பொக்கை அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், வாரா வாரம் சாதாரணமாகத் தீட்டிக்கொண்டே வர, சில மாதத்தில் அது தானாகக் கரைந்துவிடும். தொழில்முறைச் சமையற்காரர் பலர் இதைத்தான் செய்கிறார்கள். சின்னப் பொக்கையோடு கத்தி நன்றாகவே வெட்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் அதை எடுக்கிறவர் கத்தியின் பல மாத ஆயுளை ஒரு நாளில் செலவழிக்கிறார்.

இதைப் பற்றி யோசிக்கும்போது மலைக்குப் போய்வந்தேன். அறிவர் கோயில் வாசலின் பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் கட்டுவித்ததைச் சொல்லும் கல்வெட்டு. செப்பம் செய்ததைப் பெருமையோடு பொறித்து வைத்த ஊர் இது. அந்த முகமண்டபம் இன்று இல்லை. இப்போது நாம் பார்க்கிற தூண் தாழ்வாரம் 20ஆம் நூற்றாண்டில், புதுக்கோட்டை சமஸ்தான நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாமின் முயற்சியில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. உள்ளே விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் அன்னமும் யானையும் பூப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். பல இடத்தில் வண்ணம் உதிர்ந்து வெறும் பூச்சு தெரிகிறது. உதிர்ந்த இதழுக்கு யாரும் புது இதழ் வரைந்து வைக்கவில்லை. தாழ்வாரத்தைக் கட்டினார்கள், ஓவியத்தைத் திரும்ப வரையவில்லை. எதைத் திரும்பக் கட்டலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே பொருளைப் பொறுத்து வேறுபட்டிருக்கிறது. கத்தியிலும் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியிருக்கிறது: சரிவு தாழ்வாரம் மாதிரி, தேய்த்துத் திரும்பக் கட்டலாம். குழிவு ஓவியம் மாதிரி.

குழிவை ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தட்டைப் பக்கத்தைக் கல்லில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பு அகலமாகிறது, குழிவு சுருங்குகிறது. பிசிறை எடுக்க நுண்கல்லில் இரண்டு மூன்று இழுப்பு போதும். அதைப் பத்து, இருபது என்று நீட்டினால் சில வருடத்தில் குழிவு முழுவதும் போய், பக்கம் வெறும் பலகையாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்தால்தான் வாய் நேராகும். குழிவைத் திரும்ப வைக்க அதற்கென வளைவுள்ள சக்கரமும், அதில் பழகிய கையும் வேண்டும். நம் வட்டாரத்தில் அது இல்லை.

தீட்டுகிறவர்களுக்குள் ஓயாமல் நடக்கிற ஒரு சண்டையையும் இங்கே முடித்துவிடுகிறேன். சரிவு முழுவதையும் தேய்த்த பிறகு, வாயின் நுனியில் மட்டும் இன்னொரு மிகச்சிறிய சரிவு வைக்கலாமா? நூல் அகலம்கூட இருக்காது. வைக்கக் கூடாது என்பவர்கள், ஒரே தளம் என்ற நேர்மை கெடுகிறது என்கிறார்கள். நான் இதற்கு எதிர்ப் பக்கம். 15 பாகைக்கு மெலிந்த கடின எஃகு மீன் தலையில் பட்டால் மறுபடி பொக்கை விழும். நுனியில் கால் மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோணத்தைக் கூட்டினால் அது தாங்கும். அதன் பின்னால் மெலிவு அப்படியே இருப்பதால் வெட்டு கெடாது. முன்னே நான் எதிர்த்த குட்டிச் சரிவுக்கும் இதற்கும் வேற்றுமை என்ன என்று கேட்கலாம். அது முகத்தைத் தேய்ப்பதற்குப் பதிலாக வைத்தது. இது முகத்தைத் தேய்த்து முடித்தபின் வைப்பது. டெபாவுக்கு இது தேவை, அதிலும் பிடியை ஒட்டிய பாதியில் கூடுதலாகத் தேவை. பச்சை மீனை அரிவதற்கு மட்டும் வைத்திருக்கிற யனகிபாவுக்கு அவ்வளவு அவசியமில்லை.

ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதினால் இந்தத் திறனாய்வு நேர்மையாக இராது. நம் வீட்டுச் சமையலுக்கு இந்தக் கத்தி வேண்டுமா? ஒருபக்கச் சரிவின் முழுச் சிறப்பும் சதையை முள்ளிலிருந்து பிரிப்பதில் இருக்கிறது. நாம் குழம்புக்கு மீனைப் பிரிப்பதில்லை, குறுக்கே துண்டு போடுகிறோம். முள் துண்டோடு இருந்தால்தான் குழம்பில் சுவை இறங்கும் என்பது நம் சமையலின் தீர்ப்பு. அதற்கு அரிவாள்மனையை விடச் சிறந்த கருவி இல்லை. அலகு அசையாமல் நிற்க, இரண்டு கையும் மீனைப் பிடித்திருக்கும், வழுக்காது. ஆட்டெலும்புக்குக் கறிக்கடைக் கத்தி இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் அன்றாடம் புழங்குகிற அடுப்படியில் துருப்பிடிக்கிற கார்பன் எஃகை ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஆக, எங்கள் வீட்டுக்கு டெபா தேவையில்லை என்பதே என் முடிவு. ஆனால் மருமகனுக்கு அது அலங்காரப் பொருள் அல்ல. அவன் திரும்பவும் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறான். அவனுடைய கைக்கு அந்தத் தட்டைப் பக்கம் தெரியும். கத்தியைச் செப்பனிடாமல் கொடுத்தால் அவனுடைய ஏழு வருடப் பழக்கத்தை நான் பிடுங்கிக்கொண்டது போலாகும்.

எனவே தீர்ப்பை இப்படிச் சொல்கிறேன். பொக்கை அரை மில்லிமீட்டருக்குள் என்றால் விட்டுவிட்டுத் தீட்டிக்கொண்டே வாருங்கள். அதற்கு மேல் என்றால் முதலில் வாயைச் செங்குத்தாக நிறுத்திப் பொக்கையின் அடிவரை கரைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் சக்கரம் அனுமதிக்கத் தக்கது; அதுவும் கத்தியை வெறும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இளஞ்சூடு தட்டும் முன்பே தண்ணீரில் முக்கி எடுத்து. பிறகு சரிவை முழு முகமும் படத் தட்டைக் கல்லில் தேயுங்கள். தண்ணீர்ச் சக்கரமும் பழகிய கையும் கிடைத்தால் சரிவை அதனிடம் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தட்டைப் பக்கத்தை எந்தச் சக்கரத்துக்கும் காட்டாதீர்கள். உலைக்கு ஒருபோதும் போகாதீர்கள்.

மருமகனுடைய கத்திக்கு இதைச் செய்து பார்த்தேன். சக்கரம் ஏற்கெனவே வாயை 2 மில்லிமீட்டர் தின்றிருந்தது. தட்டைப் பக்கத்தில் அது உண்டாக்கிய சரிவைப் போக்க இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்தாக வேண்டும். மொத்தம் மூன்றரை. முன்சொன்ன கணக்குப்படி 25 கிராம், சக்கரம் எடுத்தது போக மற்றதெல்லாம் என் கையால். எஃகுத் தகடு தட்டைப் பக்கம் முழுவதும் ஓடுவதால் வாய் எவ்வளவு பின்னுக்குப் போனாலும் எஃகின் மேல்தான் நிற்கும் என்பது ஒரு தைரியம். நீலம் கண்ட இடமும் அந்தக் கரைப்பில் போய்விட்டது.

ஆறு ஞாயிறு ஆனது. வாயைக் கரைத்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் அது ஒரு வெள்ளிப் பட்டையாகப் பளபளத்தது. சரிவைத் தேய்க்கத் தேய்க்க அந்தப் பட்டை மெலிந்து நாடாவாகி, நூலாகி, ஆறாவது வாரம் சாயங்காலம் ஓரிடத்தில் முதலில் மறைந்தது. மறைந்த இடத்தில் இனி அழுத்தக் கூடாது. தெரிகிற இடத்தில் மட்டும் விரல் வைத்து அழுத்த வேண்டும். கடைசியாகத் தட்டைப் பக்கம். வாய் மேலே ஏறிவிட்டதால் பழைய விளிம்பு போய், வாய் இப்போது குழிவின் ஓரத்தில் நிற்கிறது. நுண்கல்லில் படுக்க வைத்து, நனைத்து, எண்ணி இழுத்தேன். விளிம்பு ஒரு கோடாகத் திரும்பி வந்தது.

அகலம் 50 மில்லிமீட்டராக இருந்த அலகு இப்போது 46 சொச்சம். தட்டைப் பக்கத்தில் சக்கரம் இழுத்த ஒரு கீறல் இன்னும் இருக்கிறது, குழிவுக்குள், வாயிலிருந்து சுண்டுவிரல் அகலம் தள்ளி. “இதையும் எடுத்துடலாமா மாமா?” என்று கேட்டான். எடுக்கலாம். குழிவில் பாதி அதோடு போகும். கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, அந்தக் கீறலோடேயே அவனிடம் கொடுத்தேன்.